நாலாவது கண்ணாடி

லிங்கநகரில் ஒடுங்கிய ஓர் ஒழுங்கைத் தெருவைப் பார்த்தபடி இருந்த யன்னல் ஒன்று பதினாறு வருடம் என் பெயரைக் கெடுத்துக்கொண்டு நின்றது. வேறு எதையும் சொல்ல முன்னம் இதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டுக்காரி கமலேஸ்வரி அக்கா கண்ணை மூடி இப்போது இரண்டு வருடம். ஆனாலும் எனக்குக் கோபம் முழுதாக ஆறவில்லை.

நான் கண்ணாடி போடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் வேலையில் பிழை பிடிக்க ஏலாது. சட்டத்தை அளந்தால் இரண்டு நூல் குறைத்துத்தான் வெட்டுவேன். மாரியில் மரம் ஊதும். இடம் விடாமல் இறுக்கிப் போட்டால் மரமே கண்ணாடியை நெரித்து உடைத்துவிடும். இது தெரியாதவர்கள் போட்ட கண்ணாடியைக் கழற்றித்தான் நான் பாதி நாள் பிழைத்தேன். மீதி நாள் சண்டை பார்த்துக்கொண்டது. துறைமுகப் பக்கம் ஒரு குண்டு வெடித்தால் திருகோணமலை டவுன் முழுக்க யன்னல் கொட்டும். அடுத்த நாள் காலையில் என் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட என் கை பட்ட யன்னலில் மூன்று கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. நாலாவது மட்டும் மூலைக்கு மூலை வெடித்து, மஞ்சளாய்ப் போன கொப்பித்தாள் ஒட்டி, சுற்றிவரக் கண்ணாடியை இறுக்குகிற புட்டிப் பசை கட்டி கட்டியாய் அப்பிக் கிடக்கிறது. பார்க்கிறவன் என்ன சொல்வான்? கிண்ணியாவிலிருந்து வந்து டவுனில் கண்ணாடி விற்ற முத்தலிப் நானா, நான் கடைக்குள் கால் வைக்க முன்னமே கேட்பார்:

"என்ன இராசதுரை, உங்கட பசு எப்பிடி? கண்டு கிண்டு போட்டுதா?"

அந்தப் பசுவின் கதைக்கு வருகிறேன்.

கமலேஸ்வரி அக்கா சங்கக்கடையில் வேலை. கூப்பன் கிழிக்கிறதும், சீனி பருப்பு நிறுக்கிறதும் அவதான். வாய் கொஞ்சம் நீளம். வரிசையில் யாராவது முந்தினால், "அவருக்கு வீட்டில அடுப்பு எரியுதாம், எல்லாரும் விலத்தி விடுங்கோ" என்பா. முந்தினவர் தானாகப் பின்னால் போவார். புருஷன் குலசிங்கம் வள்ளத்து இயந்திரம் திருத்துகிறவர், பேசவே காசு கேட்கிற மாதிரி ஒரு அமைதியான மனுஷன். ஒரே பிள்ளை, பெயர் பத்மாசனி. அக்காவின் தகப்பன் இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார்.

எண்பத்தைந்தில் ஊர் கலங்கியபோது பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. படிப்பு மறந்துவிடும் என்று குலசிங்கம் அண்ணை வீட்டிலேயே அதற்கு எழுத்துப் பழக்கினார். கொப்பியின் ஒரு தாளில் அவர் எழுதுவார், அடுத்த தாளில் பிள்ளை பார்த்து எழுதும். அவர் எழுதியது அக்கா சங்கக்கடையிலிருந்து கொண்டுவந்த மைப்பென்சிலால். ஈரம் பட்டால் அந்த எழுத்து ஊதாவாக மாறித் தடிக்கும். பிள்ளை எழுதியது சாதாரணப் பென்சிலால்.

வெடியதிர்வில் கண்ணாடி சிதறாமல் இருக்க அந்த நாட்களில் எல்லாரும் யன்னலுக்குத் தாள் ஒட்டினார்கள். அக்கா வீட்டில் கோதுமை மாப் பசைக்குப் பஞ்சம் இல்லை. சங்கக்கடைக்குக் கடதாசிப் பை ஒட்டுகிறதும் அவதானே. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் ஒரு கிள்ளு மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவா. மூன்று கண்ணாடிக்குப் பழைய பேப்பர் சரி. நாலாவதுக்குப் பேப்பர் போதாமல் போக, பிள்ளை ஓடிப்போய்த் தன் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்ததாம். இரண்டு இரட்டைத் தாளைக் கழற்றி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரிக் கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டினார்கள். மேலே தகப்பன் எழுதிய தாள், கீழே பிள்ளை எழுதிய தாள், நடுவில் ஒரு விரல் இடைவெளி.

இரண்டு கிழமை கழித்து இறக்கக்கண்டிக் கரையிலிருந்து இந்தியாவுக்கு ஒரு வள்ளம் போனது. அதில் இரண்டு பேருக்கு இடம். படுத்த தகப்பனை விட்டுவிட்டு அக்காவால் போக ஏலாது. "ஒரு மாதம். நிலைமை சரியானதும் வந்திடுவம்" என்று சொல்லிக் குலசிங்கம் அண்ணை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

எனக்கு அந்த வீடு பழக்கமானது எண்பத்தேழில். ஒரு பெரிய வெடியோடு அவவின் மூன்று கண்ணாடி நொறுங்கிவிட்டன. நாலாவதில் ஒரு நீளக் கீறல், அவ்வளவுதான். மற்ற மூன்றிலும் பேப்பர் எப்போதோ உரிந்துவிட்டது, இதில் தாள் முழுதாக ஒட்டியிருந்தபடியால் விழாமல் நின்றது. நான் அளவெடுக்கப் போனேன்.

"அக்கா, நாலையும் மாத்துவம். ஒண்டை விட்டா விகாரமாக் கிடக்கும்."

"மூண்டுக்குத்தான் கூப்பிட்டனான்."

"அது வெடிச்சுப் போச்சு."

"விழேல்லைத்தானே?"

"இண்டைக்கு விழேல்லை. நாளைக்கு விழும்."

"விழாமல் செய்யத்தான் தம்பி உங்களைக் கூப்பிட்டது. விழுந்தாப் பிறகு கூட்டி அள்ளக் கூட்டுமாறு போதும், கண்ணாடிக்காரர் தேவையில்லை."

தாளை நனைத்து எடுத்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டித் தருகிறேன் என்றேன். நனைத்தால் மைப்பென்சில் எழுத்து ஓடிவிடும் என்று அவ சொன்னா. அது உண்மை. கண்ணாடியைப் பிடித்திருந்தது தாள், தாளைப் பிடித்திருந்தது கண்ணாடி. ஒன்றை எடுத்தால் மற்றது போகும். கடைசியில் சுற்றிவரப் புட்டியைத் தடிப்பாக அடித்து, கீறல் முடிகிற இரண்டு மூலையிலும் தகரத் துண்டு வைத்துச் சின்ன ஆணியால் இறுக்கிவிட்டு வந்தேன். என் தொழிலில் அதைவிட அசிங்கமான வேலை நான் செய்ததில்லை.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் புரட்டாதி பிறந்தால் ஆள் அனுப்புவா. மாரி வர முன்னம் நான் போய்ப் பழைய புட்டி வெடித்த இடத்தைச் சுரண்டிப் புதிதாக அப்ப வேண்டும். நான் புறுபுறுப்பேன். அவ தேத்தண்ணி தருவா.

"அக்கா, இதைப் பாத்திட்டு ரெண்டு பேர் என்னட்டை வேலை தராமல் போயிட்டாங்கள்."

"அவங்களுக்கு வடிவு பாக்கத் தெரியாது, நீங்கள் கவலைப்படாதேங்கோ."

மேல் தாளில் குலசிங்கம் அண்ணை எழுதியிருந்தது நாலே வரி. பசை ஈரம் பட்டு எழுத்து ஊதாவாகத் தடித்து, ஒழுங்கையிலிருந்தே வாசிக்கலாம்: என் பெயர் பத்மாசனி. என் வீடு லிங்கநகரில் உள்ளது. எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு. அது எங்களுக்குப் பால் தரும். அந்த வீட்டில் ஒருநாளும் பசு இருந்ததில்லை. தொண்ணூறில் வேறு இடத்திலிருந்து இடம்பெயர்ந்து அந்த ஒழுங்கைக்கு வந்த ஒரு பெண், கைக்குழந்தையும் செம்புமாக அக்காவின் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"அக்கா, பால் இருக்கெண்டு எழுதிப் போட்டிருக்கு..."

"இருந்தது பிள்ளை. பசு இந்தியாவுக்குப் போயிட்டுது."

சொல்லிவிட்டு, தன் பங்குப் பால்மாப் பைக்கற்றை எடுத்துக் கொடுத்திருக்கிறா. இந்தக் கதை எப்படியோ முத்தலிப் நானாவின் காதுக்குப் போய்விட்டது. அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை.

யன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தால் தாளின் வெறும் முதுகுதான் தெரியும். வாசிக்க வேண்டுமென்றால் ஒழுங்கையில் நிற்க வேண்டும். அக்கா வேலை முடிந்து வரும்போது முன் ரோட்டால் வருவதில்லை. ஒழுங்கையால் சுற்றி வருவா. யன்னலடியில் நின்று, செருப்பில் கல் ஏறின மாதிரிக் காலை உதறுவா. தினமும் அதே இடத்தில் எப்படிக் கல் ஏறும்? அயலுக்கு எல்லாம் தெரியும். யாரும் கேட்கவில்லை.

இந்தியாவிலிருந்து கடிதம் வரும். மூன்று மாதத்துக்கு ஒன்று, சில வேளை ஆறு மாதத்துக்கு ஒன்று. அக்கா வாசிப்பா, இரண்டாம் தரமும் வாசிப்பா, பிறகு அடுப்பில் வைப்பா. சுற்றிவளைப்பு வந்து வீடு வீடாகக் கிண்டுகிற காலம். இந்தியாக் கடிதம் அகப்பட்டால் யார் எழுதியது, ஏன் எழுதியது என்று கேள்வி தொடங்கும். படங்களும் அப்படித்தான் போயின. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரின் கையெழுத்தும் மிஞ்சியிருந்தது அந்தக் கண்ணாடியில் மட்டும். பசுவைப் பற்றிப் பிள்ளை எழுதின கொப்பித்தாளை எந்த ஆமிக்காரன் என்ன செய்யப் போகிறான்?

தொண்ணூற்றொன்றில் அவவின் தகப்பன் போய்ச் சேர்ந்தார். இனிப் போகலாமே அக்கா என்று நானே கேட்டேன்.

"போகலாம் தம்பி. நான் பூட்டிப்போட்டுப் போனா அடுத்த கிழமை இந்த வீட்டில ஆர் இருப்பினம்? அவர் வரப்போறன் எண்டு எழுதுறார். வந்து பாத்தா வீட்டில வேறை ஆக்கள். அப்ப?"

அவர் அங்கே, வருவோம் என்று இருந்தார். இவ இங்கே, வருவார்கள் என்று இருந்தா. இப்படியே இரண்டு கரையிலும் வருடம் ஓடியது. வெடிச்சத்தம் கேட்டால் ஊரில் எல்லாரும் பிள்ளைகளை எண்ணுவார்கள். நான் என் பிள்ளைகளை எண்ணிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஒழுங்கைக்கு ஒரு தரம் போய்வருவேன். ஏன் போனேன் என்று கேட்டால், என் வேலை நிற்கிறதா என்று பார்க்கத்தான்.

தொண்ணூற்றாறு புரட்டாதியில் நான் புட்டி உருட்டிக்கொண்டு நிற்க, அக்கா உள்ளே இருந்து சொன்னா:

"அவர் போயிட்டார் தம்பி."

"எங்கை?"

"செத்துப் போயிட்டார். காய்ச்சலாம். செத்து நாப்பது நாளாச்சாம். கடிதம் நேற்றுத்தான் வந்தது, பிள்ளை எழுதியிருக்கிறாள்."

புட்டி கையில் காய்ந்துபோனது. அக்கா உள்ளே இருந்தே, "மேல் மூலையைப் பாருங்கோ, அதில தண்ணி இறங்குது" என்றா. அந்த வருடம் நான் புறுபுறுக்கவில்லை.

பிறகு சமாதானம் என்று ஒன்று வந்தது. ரோட்டுகள் திறந்தன. இரண்டாயிரத்து மூன்றில், பத்மாசனி வருகிறாள் என்று அக்கா என் வீட்டுக்கே வந்து சொன்னா. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது, திருச்சிப் பக்கம் கல்யாணம் முடித்து இருக்கிறாள், மூன்று கிழமை நிற்பாளாம். அக்காவின் முகம் சங்கக்கடையில் ஒருவரும் காணாத முகமாய் இருந்தது.

"வந்ததும் முதல் அதைத்தான் பாப்பாள். ஒருக்காப் புட்டியை வடிவா அடிச்சு விடுங்கோ. உங்கட பெயருக்கு ஏத்தமாதிரி."

போய் அடித்தேன். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தும் விட்டேன்.

பிள்ளை வந்து இறங்கியது ஒரு பின்னேரம், முன் ரோட்டால். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா என் வாசலில் நின்றா.

"அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்கோ. புதுசு போடுங்கோ."

பதினாறு வருடம் நான் கேட்க ஆசைப்பட்ட சொல்.

"என்ன அக்கா நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. இண்டைக்கு விடியக் கேட்டாள், 'இது என்னம்மா, பழைய பேப்பர் ஒட்டி வெச்சிருக்கீங்க, வெளிச்சமே வரல, எடுத்துடலாமே' எண்டு. சரிதானே? வெளிச்சம் இல்லைத்தானே?"

"இது என்னெண்டு நீங்கள் சொல்லேல்லையோ?"

"தெரியாதவளுக்குச் சொல்லி என்ன தம்பி. எடுங்கோ."

எனக்கு அந்தப் பெட்டை மேல் கோபம். உள்ளே இருந்து பார்த்தவளுக்குத் தாளின் முதுகுதானே தெரிந்திருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சாமானைக் கட்டிக்கொண்டு போனேன்.

உடைத்து எடுப்பது லேசு. எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடி கொட்டாமல் இருக்க, உள்ளே தாளின் மேல் பார்சல் ஒட்டுகிற அகல ரேப்பை வரிசையாக ஒட்டினேன், பசை என்றால் ஈரம் படும் என்பதற்காக. அக்காவை உள்ளே ஒரு பலகையைக் கண்ணாடியோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒழுங்கையில் நின்று உளியால் புட்டியைத் தட்டினேன். நானே வருடா வருடம் அப்பியது, கல்லாய் இறுகிப் போயிருந்தது. பத்து மணிக்குத் தொடங்கி வெயில் உச்சிக்கு வந்தபோதுதான் கண்ணாடி சட்டத்தை விட்டது. கீறலோடு, முழுதாக, தாளோடு. பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு கதிரைக்கு மேல் பலகை போட்டு, எழுத்து மேலே தெரிய வைத்தேன்.

பத்மாசனி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். தட்டை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"இது அப்பா எழுத்து."

யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. குனிந்தாள். பிறகு மண்ணில் முழங்காலில் இருந்தாள். ஒவ்வொரு வரியாக வாய்க்குள் வாசித்தாள்.

"அம்மா, இது அப்பாவோட கையெழுத்து. 'ப' இப்படித்தான் போடுவாங்க. எங்கிட்ட ஒண்ணுகூட இல்லம்மா. முகாம்ல குடிசை எரிஞ்சப்ப எல்லாமே போயிருச்சு."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. "அப்ப கீழை இருக்கிறது?" என்று கேட்டா.

பிள்ளை கீழ்த் தாளைப் பார்த்தாள். கோணல் மாணலாய்ப் பென்சில் எழுத்து.

"தெரியலையே. யாரு எழுதினது?"

"நீ."

பிள்ளை தாயைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது.

"நம்ம வீட்டுல பசு இருந்துச்சா?"

"எங்கை இருந்தது! வேணும் எண்டு நீ ரெண்டு நாளாக் கத்தினனீ. கத்தல் பொறுக்கேலாமல் அவர் எழுதித் தந்தார்."

பிள்ளை என் பக்கம் திரும்பி, தாளை மட்டும் எடுத்துத் தர முடியுமா, கொண்டுபோக வேண்டும் என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன். நனைத்தால்தான் கண்ணாடியிலிருந்து தாள் விடும். நனைத்தால் கீழ்த் தாள் தப்பும், பென்சிலுக்கு ஒன்றும் ஆகாது. மேல் தாள் ஊதாத் தண்ணியாய் ஓடிவிடும். தாய்க்கு வேண்டியது மிஞ்சும், மகளுக்கு வேண்டியது போய்விடும். நனைக்காமல் விட்டால் இரண்டும் ஒரே கண்ணாடியில் கிடக்கும், ஒருவர்தான் வைத்துக்கொள்ளலாம்.

"அப்ப அம்மாவே வெச்சிக்கட்டும்" என்றாள் பிள்ளை. சொன்ன வாய், எழுத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

அக்கா பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தா. மேல் தாளடியில் நின்றா. எத்தனை வருடமாக ஒழுங்கையில் காலை உதறி உதறி வாசித்த வரி. பிறகு இரண்டு தாளுக்கும் நடுவில் இருந்த வெறும் கண்ணாடியில் ஒரு விரலை வைத்து இழுத்துக் காட்டினா.

"இதால வெட்டுங்கோ."

"அக்கா, வெடிச்ச கண்ணாடி. கீறலுக்குக் குறுக்கால கோடு போட்டா எந்தப் பக்கம் ஓடுமெண்டு எனக்கே தெரியாது. ரெண்டும் போகலாம்."

"தெரியும். வெட்டுங்கோ."

கண்ணாடி வெட்டியை மண்ணெண்ணெயில் தோய்த்தேன். ஒரே இழுப்பு, நிறுத்தாமல், கீறலைக் கடக்கும்போதும் நிறுத்தாமல். கோட்டுக்குக் கீழே மெல்லியதொரு கம்பை வைத்து இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமத்தினேன். டக் என்று ஒரு சத்தம். பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டாள். அக்கா பொத்தவில்லை.

போட்ட கோட்டு வழியேதான் பிரிந்தது. ஓரத்தில் நெல்லளவு ஒரு சில்லுப் போனது, எழுத்தில் படவில்லை.

மேல் பாதியைப் பிள்ளை தன் சேலை ஒன்றில் சுற்றினாள். நான் அதற்கு இரண்டு பக்கமும் மெல்லிய பலகை வைத்து நூலால் கட்டிக் கொடுத்தேன். கீழ்ப் பாதி கதிரைக்கு மேல் தனியே கிடந்தது. இதற்கு ஒரு சட்டம் அடித்துச் சுவரில் மாட்டித் தரட்டுமா என்று அக்காவைக் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. கீழுக்கு இதையே பழையபடி பூட்டுங்கோ. மேலுக்கு வெறும் கண்ணாடி போடுங்கோ. அதில தாள் கீள் ஒண்டும் ஒட்டாதேங்கோ. இவள் இனி எப்ப வந்தாலும் ஒழுங்கையால வரச்சொல்லுவன், உள்ளுக்கு இருந்தே அவள் வாறதை நான் பாக்கோணும்."